பங்க்கின் மேல் விழும் பழி

"சைலன்சர் நாறினால் பெட்ரோல் சரியில்லை, பங்க்கை மாற்று" என்னும் அறிவுரை செஞ்சிக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் நெல் ஏற்றிவரும் வண்டிகளும் திருவண்ணாமலைக்குச் செல்லும் கார்களும் நெருக்கியடிக்கும் அவ்வூரில் அது ஆண்டுக்கணக்காக வேதவாக்காகவே நிலைத்திருக்கிறது. வெவ்வேறு பழுதுகள் அனைத்திற்கும் ஒரே விடை சொல்லும் இவ்வாக்கியம், வண்டியைத் திறந்து பார்க்கும் உழைப்பைத் தவிர்க்க உதவுகிறதே தவிர, உரிமையாளருக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை.

இவ்வாதம் பெரிதும் நம்பியிருப்பது அழுகிய முட்டை நாற்றத்தை. அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவின் நாற்றம் என்பதும், அதிலுள்ள கந்தகம் எரிபொருளிலிருந்தே வருகிறது என்பதும் உண்மை. ஆனால் பி.எஸ். 4 பெட்ரோலில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டிருந்த கந்தகம், 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ். 6 பெட்ரோலில் 10 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டுவிட்டது, நாற்றமோ ஒழிந்தபாடில்லை. காரணம், புகைக்குழாயில் பொருத்தப்பட்டு நச்சு வாயுக்களை மாற்றியமைக்கும் வினையூக்கி மாற்றியில் இருக்கிறது. அதிலுள்ள சீரியம் ஆக்சைடு கந்தகத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்த கலவை எரியும்போது, சேர்ந்திருந்த கந்தகம் ஹைட்ரஜனோடு கூடி வெளியேறுகிறது. பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைச் சாலையின் நெரிசலில் ஊர்ந்துவந்த கார், வழி கிடைத்ததும் சட்டென வேகமெடுக்கையில் ஒரு கணம் நாறுவது இதனாலேயே ஆகலாம், அது பழுதன்று. நாற்றம் ஓயாமல் தொடர்ந்தால், ஒழுகும் இன்ஜெக்டரையோ, கலவையின் அளவைக் கணினிக்குத் தவறாகச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரையோ முதலில் ஐயுற வேண்டும். குற்றம் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் இருந்தால், அன்று காலை அங்கே நிரப்பிய வண்டிகளுள் ஒன்று மட்டும் நாறுவானேன் என்னும் எளிய கேள்விக்கு இதுவரை எவரும் நேராக விடை கூறியதில்லை.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதே இந்நாற்றத்துக்குக் காரணம் என்போர், எத்தனாலின் மூலக்கூறில் கந்தகமே கிடையாது என்பதை மறந்துவிடுகின்றனர்.

வெண்புகையோடு வரும் இனிப்பு வாசனை, ஹெட் கேஸ்கெட் பழுதாகி ரேடியேட்டரின் கூலன்ட் எரியறைக்குள் கசிவதைக் காட்டுவது. நீலப்புகையும் எண்ணெய் கருகும் வாடையும் தேய்ந்த பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ காட்டுவன. பச்சைப் பெட்ரோல் வாடை தீப்பொறி தவறும் ஸ்பார்க் பிளக்கின் பக்கம் கைகாட்டுவது. இவற்றுள் எது பங்க்கை மாற்றினால் தீரும்?

கலப்படம் நடப்பதே இல்லை என்பதன்று இங்கே வாதம். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் இன்ஜினைத் தட்டவைக்கும், கரியைப் படியவைக்கும். அவ்வறிகுறிகளைத் தேடிய பின்பே அப்பழியைச் சுமத்தலாம். தேடாமலே பங்க்கைப் பழிப்பதில், உண்மைப் பழுது கவனிக்கப்படாமல் நாட்கள் கடக்கின்றன. புகைக்குழாயில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் நுழைகிறது. அதற்கு மணம் கிடையாது. கூடவே வரும் புகைவாடை ஒன்றே எச்சரிக்கை. அவ்வாடையைப் பெட்ரோலின் குறையென்று ஒதுக்கிவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, பின்னிருக்கையில் குழந்தைகளை உறங்கவைத்துப் பயணம் தொடர்கிறது.