காலாவதியானது மடிக்கணினியா, மென்பொருளா?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. நின்றது ஒன்றுதான்: புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க மாதந்தோறும் இலவசமாக வந்துகொண்டிருந்த மேம்பாடுகள். ஓட்டை அடைபடாத கணினியில் வங்கிக் கணக்கையும் பல்கலைக்கழகக் கணக்கையும் திறப்பது நாளாக ஆக ஆபத்தாகும்.

விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். செயலி இன்டெல் என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 2017க்கு முன் தயாரான பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு இந்தத் தகுதி இல்லை.

சிரம்பானை அடுத்த பாரோயையும், செனவாங், ரந்தாவ், லாபு போன்ற சுற்றுவட்டாரங்களையும் நினைத்துப் பாருங்கள். தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, இன்று தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாழ்கின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளிப் பாடம் இணையத்திற்கு மாறியபோது, இத்தகைய குடும்பங்களில் சில எப்படியோ பணம் புரட்டிப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கின. அண்ணன் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பயன்படுத்தியதை இன்று தங்கை எஸ்.டி.பி.எம். படிக்கப் பயன்படுத்தலாம். அந்தக் கருவிக்குத்தான் இப்போது காலாவதி முத்திரை குத்தப்படுகிறது. திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்க, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று குறித்த தேதிக்காக அதைத் தூக்கிப் போட வேண்டுமா?

மாணவர்களுக்கு முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, புதிய கணினி வாங்குவது. இரண்டாவது, மைக்ரோசாப்ட் வழங்கும் நீட்டிப்புத் திட்டம். தனிநபர் பயனர்களுக்கு 2026ஆம் ஆண்டு அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்பாடுகள் தரும் வகையில் அது அறிவிக்கப்பட்டது. 30 அமெரிக்க டாலர் செலுத்தியோ, மைக்ரோசாப்ட் கணக்கு வழியாகக் கணினியின் அமைப்புகளைச் சேமித்தோ அதில் சேரலாம். இது அவகாசம் மட்டுமே; தீர்வு அல்ல. மூன்றாவது வழி லினக்ஸ்.

1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் அதன் கருவே. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் ஆகியவை அதன்மேல் கட்டப்பட்ட மேசைக்கணினிப் பதிப்புகள். லினக்ஸ் மின்ட்டுக்கு 4 ஜிபி நினைவகம் போதும். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. டெலிமா கற்றல் தளம், கூகிள் வகுப்பறை போன்றவை உலாவியிலேயே இயங்குவதால் அவற்றுக்குத் தடையில்லை. கட்டுரை எழுதவும் படைப்பு தயாரிக்கவும் லிப்ரே ஆபீஸ் உடன் வருகிறது.

இவ்வளவு வசதியும் இலவசமாகக் கிடைக்கும்போது, ஏன் எல்லார் வீட்டிலும் லினக்ஸ் இல்லை? இதற்கான விடையைக் கடந்த கால அனுபவங்களில் தேட வேண்டும்.

மலேசிய அரசு 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அது அரசு அலுவலகங்களுக்கானது. மாணவர்களின் வீட்டுக் கணினிக்கானது அல்ல. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. கருவி வீட்டுக்கு வந்தது. ஆனால் பள்ளிப் பாடம் அந்த லினக்ஸைச் சுற்றி அமையவில்லை.

கேரளம் வேறு பாதையில் போனது. 2001இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் படிப்படியாகப் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, செய்முறைத் தேர்வு மூன்றும் அதிலேயே அமைந்தன. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கப்பட்டன. பள்ளிக் கணினிகளைப் பராமரிக்கவும் அந்த மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். கணினி பழுதானால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு, பள்ளிக்குள்ளேயே விடை இருக்கிறது.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. விண்டோஸில் சிக்கல் வந்தால் பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும். லினக்ஸில் சிக்கல் வந்தால், ஒரே மாலையில் மனம் சோர்ந்து பழையதற்கே திரும்பிவிடுகிறோம். மென்பொருளுக்கு விலையில்லை, அதைப் பழுதுபார்க்கும் அறிவை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்த அறிவு எட்டாக்கனி அல்ல. முதல் வேலை, கோப்புகளை வெளிவட்டிலோ மேகக் கணக்கிலோ படியெடுத்து வைப்பது. விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள். பிறகு லினக்ஸ் மின்ட் கோப்பை அதன் அதிகாரத் தளத்திலிருந்து பதிவிறக்கி, ரூஃபஸ் போன்ற செயலி கொண்டு 8 ஜிபி விரலியில் ஏற்றுங்கள். விரலியில் உள்ளவை அழிந்துவிடும். எனவே காலியான விரலியே நல்லது. கணினியைத் திறக்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் விரலியிலிருந்து தொடங்கலாம். விசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும்.

இப்போது எதையும் நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா, தொடுதளம் நான்கையும் சோதியுங்கள். நான்கும் சரியென்றால் பெரும்பாலான தொல்லை தீர்ந்தது. நிறுவும்போது 'வட்டை முழுதும் அழி' என்ற தேர்வையும் 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்ற தேர்வையும் நிதானமாகப் படித்துத் தேர்ந்தெடுங்கள். பலர் கோப்புகளை இழப்பது இந்த ஒரு திரையில்தான்.

அடிக்கடி வரும் கோளாறுகள் சிலவே. வைஃபை தெரியவில்லையா? கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து, 'டிரைவர் மேனேஜர்' வழியாக வைஃபைக்குரிய இயக்கியை நிறுவலாம். திரை கறுப்பாக நிற்கிறதா? என்விடியா வரைகலை உள்ள கணினிகளில் இது நேரும். தொடக்கப் பட்டியலில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் வட்டில் எழுத முடியவில்லையா? விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியை அணைத்து, முழுமையாக மூடிவிட்டு வாருங்கள்.

இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விந்தை நேரும்: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் 8 மணி நேரம் பின்னால் நிற்கும். லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மலேசிய நேரம் 8 மணி நேரம் முன்னால் இருப்பதுதான் அந்த இடைவெளி. உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்ஸில் மாற்றிவிட்டால் சரியாகிவிடும். காரணம் தெரிந்துவிட்டால் கோளாறு பயமுறுத்துவதில்லை.

தமிழில் எழுதவும் வழி உண்டு. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால், தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

லினக்ஸ் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்வது நேர்மையாகாது. ஆட்டோகேட், போட்டோஷாப் போன்றவை அதில் நேரடியாக இயங்குவதில்லை. இணையத் தேர்வின்போது திரையைப் பூட்டும் சில மென்பொருள்களும் அப்படியே. வேர்டில் செய்த சிக்கலான பக்க அமைப்பு லிப்ரே ஆபீஸில் சற்றுக் கலையலாம். ஒப்படைப்பை பிடிஎஃப் கோப்பாக அனுப்பினால் அந்தத் தொல்லை இராது. உங்கள் துறைக்கு எந்த மென்பொருள் கட்டாயம் என்பதைக் கல்லூரியில் கேட்டறிந்த பிறகே முடிவெடுங்கள். தேர்வு வாரத்தில் மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பாரோய் போன்ற இடங்களுக்குத் தேவை இன்னொரு இலவசக் கருவித் திட்டம் மட்டுமன்று. கருவி கொடுப்பவர் ஒருநாள் கொடுத்துவிட்டுப் போவார். அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் ஊரிலேயே இருப்பார். பல்கலைக்கழக விடுமுறையில் வீடு திரும்பும் மாணவர்கள் நான்கைந்து பேர், பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினால் போதும். விரலி நான்கு, பழைய மடிக்கணினி பத்து, பொறுமை கொஞ்சம் இருந்தால், அன்றே சில இடைநிலைப்பள்ளி மாணவர்களின் கணினிகளுக்கு மறுவாழ்வு கிடைக்கும். அதைவிட முக்கியம், அடுத்த முறை கடிகாரம் தவறினால் யாரைக் கேட்பது என்று அந்த மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும்.