கருவுற்ற தாயும் அடுப்புப் புகையும்

காற்று மாசு என்றவுடன் ஆலைகளின் புகைபோக்கிகளே பலருக்கும் நினைவில் எழுகின்றன. ஆனால் நம் நாட்டுக் கிராமங்களில் கருவுற்ற பெண்ணுக்கு மிக அருகில் புகைவது, புகைபோக்கியே இல்லாத அவளுடைய அடுப்பாகும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளில் சமைத்த குடும்பங்கள் நூற்றுக்கு 59க்கும் குறைவு. ஏனையவற்றில் பெரும்பாலானவை விறகையும் வறட்டியையும் நம்பியிருந்தன.

அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. சிசுவுக்குச் சேரவேண்டிய பிராணவாயு குறைகிறது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களோ நுரையீரலின் ஆழம் வரை செல்வன. பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2019இல் நஞ்சுக்கொடியின் சிசுப் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டனர்.

அப்படியாயின், அடுப்பை மாற்றினால் குழந்தையின் எடை கூடுமா? இவ்வினாவுக்கு விடை காண இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடையே பெரிய பரிசோதனையொன்று நடைபெற்றது. இந்தியாவில் அது தமிழ்நாட்டில் நடந்தது. ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிபொருளும் இலவசமாக வழங்கப்பட்டன. விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம்; எரிவாயு பெற்றவர்களுக்கு 24. எனினும் 2022இல் வெளியான முடிவின்படி பிறப்பு எடையில் தோன்றிய வேறுபாடு சுமார் 20 கிராமே. அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். சிசுக்களின் கடும் நிமோனியாவும் குறையவில்லை.

இம்முடிவைக் காட்டிப் புகையால் தீங்கில்லை என்பது அவசரம். இதனை மறைத்துவிட்டு, எரிவாயு வாங்கினால் குழந்தை கொழுகொழுவெனப் பிறக்கும் என்று தாய்மாருக்கு வாக்களிப்பது அதனினும் பெரிய பிழை. ஒருமுறை பொய்த்த ஊழியரின் சொல் மறுமுறை ஏறாது. பரிசோதனையில் பெண்கள் சேர்க்கப்பட்டது கருவுற்ற 9 முதல் 20 வாரங்களுக்குள். புதிய அடுப்பு வருமுன்னரே நஞ்சுக்கொடி உருவாகிவிட்டது. அதுவரை பல்லாண்டுப் புகையும் உடலில் சேர்ந்திருந்தது. மேலும், உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி அளவு 5 மைக்ரோகிராம். 24 என்பது அதற்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு.

ஆதலால் கர்ப்பம் பதிவாகும் நாள் அடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும் நாளாக இருத்தலாகாது. அப்பேச்சு புதுமணப் பெண்ணின் வீட்டிலும், அதற்கும் முன்னதாக உயர்வகுப்பு மாணவர், மாணவியர் முன்னிலையிலும் தொடங்கவேண்டும். காற்று மாசு பற்றிய பாடத்தில் ஆலையின் படத்துக்குப் பக்கத்தில் வீட்டு அடுப்பையும் வரையச் செய்யலாம்.

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டு சேர்த்தது. இணைப்புப் பெறுவது வேறு, தீர்ந்த உருளையை மீண்டும் வாங்குவது வேறு. இல்லந்தோறும் செல்லும் ஆஷா ஊழியரும் அங்கன்வாடிப் பணியாளரும், “எரிவாயு இருக்கிறதா?” என்று கேட்டால், “இருக்கிறது” என்ற விடையே கிடைக்கும். “நேற்று இரவுச் சமையல் எந்த அடுப்பில் நடந்தது?” என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். அதனையும் அப்பெண்ணிடம் தனியே கேட்பதைவிட, கணவரும் மாமியாரும் உடனிருக்கும் வேளையில் கேட்பது நலம். உருளைக்குப் பணம் எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் அவர்களே.