பிடிவாதம் பிள்ளைக்கா, நமக்கா?



சில ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். இரண்டாம் ஆண்டு. ஜெராம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து பள்ளிக்கு வருபவள். இரு காதுகளிலும் செவித்துணைக் கருவி அணிய வேண்டியவள். காலையில் தாயார் மாட்டி அனுப்புவார். சபைகூடல் முடிவதற்குள் அவை பென்சில் பெட்டிக்குள் போய்விடும். மாட்டச் சொன்னால் மாட்டுவாள். நான் வெண்பலகைப் பக்கம் திரும்பியதும் கழற்றிவிடுவாள். "பிடிவாதக்காரி" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன். ஒரு நாள், இன்று கழற்றவே கூடாது என்று கண்டித்து, இடைவேளை வரை அவளைக் கண்காணித்தேன். அழாமல் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் நானே கழற்றிப் பார்த்தேன். வலக் காதின் துவாரம் சிவந்து வீங்கியிருந்தது. காதச்சின் விளிம்பில் ஈரம். அதில் இரத்தமும் கலந்திருந்தது.

அந்த மூன்று மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரையும் நோகடிப்பது நோக்கமன்று. எனினும் சிலருக்கு நோகும்.

கருவி என்றால் காதின் பின்புறம் தொங்கும் அந்தச் சிறு பெட்டி மட்டுமே என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெட்டி ஒலியைப் பெருக்குகிறது. பெருக்கிய ஒலியைச் செவிக்குள் கொண்டு சேர்ப்பது ஒரு மெல்லிய குழாயும் அதன் முனையிலுள்ள காதச்சுமே. காதச்சு என்பது அந்தந்தப் பிள்ளையின் காதில் பசைபோன்ற பொருளைச் செலுத்தி, இறுகியதும் எடுத்து, அந்த வடிவத்தைக் கொண்டு வார்த்துச் செய்வது. ஒருவர் அச்சு இன்னொருவருக்குப் பொருந்தாது. ஒரே பிள்ளையின் வலக் காதச்சு இடக் காதுக்குப் பொருந்தாது. அவ்வளவு ஏன், அதே பிள்ளைக்கே ஓராண்டு கழித்துப் பொருந்தாது! பிள்ளை வளர்கிறது, காதும் வளர்கிறது. கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது அச்சு தேவைப்படும். பள்ளிப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை.

இனிச் செவித்துவாரத்தைக் கவனியுங்கள். அது நேரான குழாயன்று, வளைந்து செல்வது. வெளிப்பகுதி குருத்தெலும்பால் ஆனது, சற்றே நெகிழும். உட்பகுதியிலோ எலும்பின்மேல் மிக மெல்லிய தோல் மட்டுமே போர்த்தியிருக்கும். அங்கே கடினமான பொருள் அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்க ஒன்றுமில்லை, வலிதான். சிலருக்கு அவ்விடத்தைத் தொட்டாலே இருமல் வரும். அங்கு ஓடும் நரம்பின் தொடர்பு அப்படி. துவாரம் சிறியதாகவும் தோல் மென்மையாகவும் அமைந்த பிள்ளைக்கு மில்லிமீட்டரில் ஒரு பங்கு கூடினாலும் அது முள்தான். இதோடு நம் கடற்கரை வட்டாரத்தின் புழுக்கத்தையும் வியர்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் ஊறிப் புண்ணாவதற்கு வேறென்ன வேண்டும்?

அச்சு இறுக்கமானால் வலி. தளர்ந்தால் வேறொரு கேடு. பெருக்கிய ஒலி இடுக்கு வழியே வெளியே கசிந்து மீண்டும் கருவிக்குள் நுழைய, 'கீச்' என்று அலறும். வகுப்பே திரும்பிப் பார்க்கும். பிள்ளை கூனிக் குறுகும். அலறலை நிறுத்த எளிய வழி ஒன்று உண்டு: ஒலியளவைக் குறைத்துவிடுவது. அலறல் நிற்கும், கேள்வியும் நின்றுவிடும். பிறகு "கருவி போட்டும் இவளுக்குக் கேட்கவில்லை" என்று நாமே தீர்ப்பும் எழுதுவோம்.

அந்த மாணவிக்கு நடந்தது இதுதான். அவள் காதுக்குள் இருந்தது முதல் அச்சு. எடுத்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் குழாய் மஞ்சளாகி விறைத்துப்போயிருந்தது. இடக் காதில் தளர்ந்து அலறியது. வலக் காதில் ஒரு முனை மட்டும் துருத்தி அறுத்தது. அவள் தந்தையிடம் பேசியபோது, "சார், மிஷின் நல்லாத்தான் இருக்கு, பேட்டரிகூட மாத்திட்டேன். இவதான் அடம் பிடிக்கிறா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காதச்சு என்றொன்று தேயும், மாற்றப்பட வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. கருவியை ஒரு விழாவில் கொடுத்திருக்கிறார்கள். மாலை, பொன்னாடை, பெரிய அட்டையில் எழுதிய மாதிரிக் காசோலை, நிழற்படம். பிள்ளையின் காதில் கருவியை மாட்டுவதுபோல் ஒருவர் கைவைத்த படத்தை அவர் வீட்டில் சட்டமிட்டு மாட்டியிருந்தார்.

விழா வைப்பவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்துக் கருவி வாங்கித் தருகிறீர்கள், நன்று. அதன் விலையில் மிகச் சிறிய பங்கே ஆகும் அடுத்த அச்சுக்கு யார் பொறுப்பு? கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்வர ஆகும் ஒரு நாள் கூலி இழப்பை யார் கொடுப்பது? ஜெராமிலிருந்து கிள்ளானுக்கு ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் பேருந்துக்காகக் காத்து நின்றவருக்குத்தான் தெரியும், 'மருத்துவமனைக்கு ஒரு நடை' என்பதன் பொருள். பத்துப் பிள்ளைகளுக்குக் கருவி கொடுத்துப் படம் எடுப்பதைவிட ஐந்து பிள்ளைகளுக்குக் கொடுத்து ஐந்தாண்டுகள் அச்சு மாற்றித் தருவது மேல். அதில் படம் எடுக்க முடியாது என்பதுதான் சிக்கல் போலும்!

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. இணையத்திலும் சந்தையிலும் மலிவு விலைக்கு, சிறிது நடுத்தரம் பெரிது என மூன்று ரப்பர் முனைகளோடு 'காது மிஷின்' விற்பவர்கள். பிள்ளையின் கேள்திறனைச் சோதிக்காமல், எந்த ஒலி குறைவாகக் கேட்கிறது என்று அறியாமல், எல்லா ஒலியையும் ஒருசேரப் பெருக்கித் தள்ளும் பொருள் அது. பெரியவர் வாங்கினால் அவர் பாடு. குழந்தையின் காதில் அதைச் செருகாதீர்கள். சிறு காதில் ரப்பர் முனை நிற்காது. கழன்று விழும், வாய்க்கும் போகும். அந்தச் சிறு பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதற்காகவே குழந்தைகளின் கருவிகளில் பேட்டரிக் கதவுக்குப் பூட்டு வைக்கிறார்கள்.

'வெளியே தெரியாமல் காதுக்குள் ஒளியும் சின்னக் கருவி வாங்கலாமே' என்று சில பெற்றோர் கேட்பார்கள். மற்றவர் கண்ணில் படக்கூடாது என்ற கூச்சம் அது. வளரும் காதுக்கு அது ஏற்றதன்று. காதுக்குப் பின்னால் அணியும் கருவியில் காது வளர வளர அச்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; காதுக்குள் ஒளியும் கருவிக்கோ கூட்டையே மாற்ற வேண்டும். சிறு துவாரத்தில் அதை நுழைக்க இடமும் இருக்காது.

சரி, என்ன கேட்க வேண்டும்? ஆடியோலஜிஸ்ட் என்னும் கேள்திறன் வல்லுநரிடம் அச்சு எதனால் ஆனது என்று கேளுங்கள். கடினமான அக்ரிலிக்கும் உண்டு, மென்மையான சிலிக்கோனும் உண்டு. மென்தோல் பிள்ளைக்குப் பெரும்பாலும் சிலிக்கோன் இதம். சிலருக்கு ஒரு பொருள் ஒவ்வாமல் அரிக்கும், அப்போது வேறு பொருளில் செய்து தருவார்கள். உறுத்தும் இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யவும் இயலும். காதில் சீழோ குறும்பியோ இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம். சீழ் நிற்காத காதுக்கும் துவாரமே சரியாக அமையாத காதுக்கும், எலும்பு வழியே ஒலி கடத்தும் கருவியைத் தலைப்பட்டையில் அணிவிக்கும் முறையும் இருக்கிறது. கழற்றிய பின்னும் நெடுநேரம் சிவப்பு மறையாவிட்டால் அச்சு சரியில்லை என்று பொருள். அதைப் 'பழகிவிடும்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் எழுந்து வராதீர்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டிலேயே கேள்திறனியல் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. நாட்டில் வல்லுநர் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி அட்டை பெற்றவர் துணைக்கருவி உதவிக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்கலாம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? நமக்குத்தான் முதலில்! மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள் கேளாத பிள்ளைக்கு உயிரொலிகள் கேட்கும்; மெய்யொலிகள் நழுவும். பாசியும் பாதியும் அதற்கு ஒன்றாகவே ஒலிக்கும். சொல்வதெழுதுதலில் அது செய்யும் பிழையைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிக்கிறோம். பிறகு, "இந்தப் பிள்ளைக்கு இங்கே சரிவராது" என்று பெற்றோரிடம் மெல்லச் சொல்கிறோம். எங்கே சரிவரும்? இந்நாட்டில் செவித்திறன் குறைந்தோருக்கான சிறப்புக் கல்வி, பினாங்கில் 1954இல் தொடங்கிய பள்ளி முதலாக, தமிழில் அமைந்ததில்லை. மலேசியச் சைகை மொழியை நான் தாழ்த்தவில்லை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்ற முழுமையான மொழி அது; அது தேவைப்படும் பிள்ளைக்கு அதுவே உரிமை. ஆனால் கருவியால் கேட்கக்கூடிய பிள்ளை, ஓர் அச்சு வலித்ததற்காகத் தாயின் மொழியை இழப்பதா? சென்னையில் பால வித்யாலயா 1969 முதல் காது கேளாக் குழந்தைகளைச் செவித்துணைக் கருவியோடு தமிழ் கேட்கவும் பேசவும் பழக்கி வருகிறது. தமிழில் இது முடியாதென்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அந்த மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசி, போக்குவரத்துச் செலவுக்கு வழி செய்தோம். புதிய சிலிக்கோன் அச்சு வர மூன்று வாரம் பிடித்தது. முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் அணிந்தாள். பிறகு ஒரு பாடவேளை. ஒரு மாதத்தில் பள்ளி நேரம் முழுவதும். துத்தநாகக் கூரையில் மழை அடிக்கும்போது மட்டும் கழற்றிவிடுவாள், அந்த இரைச்சல் எனக்கே தாங்காது. மறு ஆண்டு மார்ச் மாதம் இடக் காது மீண்டும் 'கீச்' என்றது. இந்த முறை அவளே என் மேசைக்கு வந்து, கருவியைக் கழற்றிக் காட்டி, "சார், அச்சு சின்னதாப் போச்சு" என்றாள்.