மூடிய தாங்கி வேலைகள்: சங்கத்தின் நிலைப்பாடு

தொழிற்சாலை இயந்திரங்களைத் துப்புரவாக்குவது, துரு சுரண்டி வர்ணம் பூசுவது, பழுதுபார்ப்பது ஆகியவை பெரும்பாலும் உற்பத்தி நிற்கும் நாட்களில் நடக்கும் வேலைகள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இயந்திரம் ஓய்ந்திருக்கும். அதன் குணம் தெரிந்த பொறியியலாளரும் ஊருக்குப் போயிருப்பார். உள்ளே இறங்குபவர் அந்த இடத்தை முதல்முறை பார்க்கும் மேன்பவர் ஆள், அதாவது ஆள் வழங்கும் இடைத்தரகர் அனுப்பியவர். கொழும்பு கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தையும் களஞ்சியங்களையும் நம்பி வாழும் உறுப்பினருக்கு இது புதிய செய்தி அல்ல. வெள்ளவத்தை மாடிக்குடியிருப்புகளில் நிலக்கீழ் நீர்த்தாங்கி கழுவுபவருக்கும் அப்படியே. இவ்வேலைகளை எந்த நிபந்தனையில் ஏற்பது, எப்போது மறுப்பது என்று சங்கத்துக்குள் விவாதம் எழுந்தது. அதன் முடிவில் நிறைவேற்றுக் குழு ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு இது.

தாங்கி வெறுமையாக இருப்பதால் அது பாதுகாப்பானது ஆகிவிடாது. சாதாரணக் காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 20.9 வீதம்; அது 19.5க்குக் கீழே இறங்கினால் சுவாசக் கருவியின்றி உள்ளே போகக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. நீண்டகாலம் மூடிக்கிடந்த இரும்புத் தாங்கியில் துருவே ஒட்சிசனைத் தின்றுவிடும். கழிவுக் குழியின் சேற்றைக் கிளறினால் ஐதரசன் சல்பைட்டு வெளிவரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் தெரியும். செறிவு மில்லியனில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றமும் இல்லாமற்போகும். மோந்து பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, இறங்கு" என்று சொல்லும் மேற்பார்வையாளருக்கு இது தெரியாது என்று சங்கம் நம்பவில்லை. தாங்கிக்குள் வர்ணம் பூசும்போது தின்னர் ஆவி காற்றைவிடக் கனமாக அடியில் தங்கும். அதைப் பற்றவைக்க ஒரு சாதாரண மின்குமிழ் உடைந்தாலே போதும். பழைய பூச்சின் ஈயத் தூசு, உயரத்து வேலைக்குரிய சாரம், பாதுகாப்புப் பட்டி, கையுறை, கண்ணாடி ஆகியவை பற்றிய முன்னைய கோரிக்கைகள் மாற்றமின்றித் தொடர்கின்றன.

2018 ஏப்ரல் 19 அன்று ஹொரணை, பெல்லப்பிட்டியவிலுள்ள இறப்பர் தொழிற்சாலையொன்றில் அமோனியாத் தாங்கிக்குள் ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐவர் இறந்தனர். இறப்பர்ப் பால் உறையாதிருக்க அமோனியா சேர்ப்பது அத்தொழிலில் அன்றாட நடைமுறை. அதன் நச்சுத்தன்மை யாருக்கும் இரகசியம் அல்ல. விழுந்தவரைத் தூக்க ஓடிப்போவது மனித இயல்பு. அந்த இயல்பை எதிர்பார்த்து, கயிறும் சுவாசக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வாயிலில் தயாராக இருக்கவேண்டியது நிர்வாகத்தின் வேலை. மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 1986இலேயே எச்சரித்தது. ஹொரணைக்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு!

சட்டம் இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமாக அது வந்தது. நச்சு ஆவி இருக்கக்கூடிய தாங்கிக்குள் இறங்குமுன் ஆவியை அகற்றவேண்டும். இறங்குபவருக்குப் பட்டியும் கயிறும் வேண்டும், கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்கவேண்டும் என்ற அடிப்படைகள் அதில் உள்ளன. ஆனால் மாடிக்குடியிருப்பின் நீர்த்தாங்கி, தொழிற்சாலை என்ற வரைவிலக்கணத்துக்குள் வராது. எல்லா வேலைத்தலங்களுக்கும் பொதுவான புதிய சட்டம் பற்றிய பேச்சு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. 2022இல் சர்வதேச தொழில் தாபனம் தொழிற்பாதுகாப்பைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்த பிறகும் இது பேச்சாகவே இருப்பதைச் சங்கம் கவலையுடன் நோக்குகிறது.

குழுவில் ஒருமனதான உடன்பாடு இருந்தது கொந்தராத்து விடயத்தில்தான். ஆபத்தான வேலை எதுவோ அது வெளியே கொடுக்கப்படுகிறது. தொழிற்சாலை ஒரு நிறுவனத்திடம் கொடுக்கும். அது மேன்பவர்காரரிடம் கொடுக்கும். அவர் காலையில் சந்தியில் நிற்கும் நாட்கூலியை வானில் ஏற்றுவார். ஆள் விழுந்தால் தொழிற்சாலை "அவர் எங்கள் ஊழியர் அல்ல" என்று சொல்லும். மேன்பவர்காரரின் தொலைபேசி இயங்காது. அறிக்கையில் "தொழிலாளியின் கவனயீனம்" என்று எழுதப்படும். இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்பதால் இந்தச் சொல் இவ்வளவு வசதியாக இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கொந்தராத்துக்காரரின் ஆளுக்கும் வேலையைக் கொடுத்த முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் அவ்வேலை முதலாளியின் வழமையான தொழிலின் பகுதியாக இருக்கவேண்டும். ஓட்டை இங்கேதான். இறப்பர் செய்வதே தன் தொழில், தாங்கி கழுவுவது அல்ல என்று வாதிட இடம் கிடைக்கிறது. கழுவாத தாங்கியில் எத்தனை நாள் இறப்பர் செய்யலாம் என்பதை அந்த முதலாளிமாரே சொல்லட்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது வரவேற்கத்தக்கது; கொடுக்கவேண்டியவர் யார் என்று அடையாளம் காணமுடியாத குடும்பத்துக்கு அந்த உயர்வால் பயனில்லை. இந்தியாவில் கழிவுநீர்க் குழி மரணங்களுக்கு 2014இல் 10 இலட்சம் இந்திய ரூபாய் என்று நிர்ணயித்த உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 இலட்சமாக்கியது. அங்கும் மரணங்கள் நின்றுவிடவில்லை. ஆகவே நட்டஈட்டுத் தொகையைவிட முன்னே நிற்கவேண்டியது பொறுப்பு.

பொறுப்பு எழுத்தில் இருக்கவேண்டும். அதற்கான கருவி வேலை அனுமதிச் சீட்டு: எந்தக் குழாய் அடைக்கப்பட்டது, எந்த ஆளி பூட்டப்பட்டது, காற்று எப்போது அளக்கப்பட்டது, வெளியே காவல் நிற்பவர் யார் என்பன அதில் இருக்கும். 1988 ஜூலை 6 அன்று வடகடலின் பைப்பர் அல்பா எண்ணெய் மேடையில் பழுதுபார்ப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்ட பம்பை, அது தெரியாத இரவு அணி இயக்கியது. 167 பேர் மாண்டனர். சீட்டு இருந்தும், அதன் செய்தி கைமாறவில்லை. கொழும்பில் சீட்டு இருக்கும் இடங்களிலும் அது சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் யாப்பில் எழுதிய நாட்டில், வாசிக்கமுடியாத தாளில் கையொப்பம் வாங்கிவிட்டு "அவர் அறிந்தே இறங்கினார்" என்பது மோசடி. இச்சொல்லை மென்மைப்படுத்தும் திருத்தம் குழுவில் முன்வைக்கப்பட்டு, ஏற்கப்படவில்லை.

எனவே, அனுமதிச் சீட்டில் தொழிற்சாலையின் பொறுப்பான அதிகாரியே கையொப்பமிடவேண்டும். கொந்தராத்துக்காரரின் கையொப்பம் போதாது. சீட்டு இறங்குபவரின் மொழியில் இருக்கவேண்டும். காற்று அளவி, காவலாள், மீட்புக் கருவி மூன்றும் இல்லாத இடத்தில் உறுப்பினர் இறங்க மறுப்பதைச் சங்கம் முழுமையாக ஆதரிக்கும். சிறு தொழிற்சாலைகளுக்கு நியாயமான கால அவகாசம் வழங்குவது பரிசீலிக்கப்படலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. ஆனால் மீட்புக் கருவிக்கு அவகாசம் கிடையாது. நட்டஈட்டுச் சட்டத்தில் துப்புரவும் பராமரிப்பும் முதலாளியின் தொழிலின் பகுதியே என்று வெளிப்படையாக எழுதப்படவேண்டும். விடுமுறைக் காலங்களில் பரிசோதனைப் பொறியியலாளர்களை அனுப்புமாறு தொழில் திணைக்களம் கோரப்படுகிறது.

தாங்கி வேலைக்கு அழைக்கப்படும் உறுப்பினர்கள் வானில் ஏறுமுன் தொழிற்சாலையின் பெயரையும் அழைத்தவரின் பெயரையும் வீட்டில் எழுதிவைக்குமாறும், சீட்டு மறுக்கப்பட்டால் அன்றே சங்க அலுவலகத்துக்கு அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.