கையில் தொழில் இருக்கு, காகிதம் எங்கே?

 

நம் வீடுகளில் வெல்டர் உண்டு, லாரி மெக்கானிக் உண்டு, ஏர்கோண் பழுது பார்ப்பவர் உண்டு. கேட்டால் "நான் படிக்காதவன்" என்று தலைகுனிகிறார்கள். யார் சொன்னது படிக்காதவன் என்று?

என் மாமா தோட்டத்தை விட்டு வெளியேறி 15 வயதில் பட்டறைக்குப் போனவர். 22 ஆண்டுகள் இன்ஜின் இறக்கி ஏற்றினார். புதிதாக வந்த ஒரு பையனுக்கு அவர்தான் வேலை கற்றுக் கொடுத்தார். ஆறே மாதத்தில் அந்தப் பையன் சூப்பர்வைசர்! மாமாவுக்கு அதே பழைய சம்பளம். கேட்டதற்கு முதலாளி சொன்னது: "உன்னிடம் சர்ட்டிபிகேட் இருக்கா?"

பையன் மீது நமக்குக் கோபமில்லை. 22 ஆண்டு உழைப்பைக் கணக்கில் சேர்க்காத முறை மீதுதான் கோபம்!

இத்தனைக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் தொழில்திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., வழங்கப்படுகிறது. அதைப் பெற மூன்று வழிகள்: பயிற்சி மையத்தில் படிப்பது, வேலை செய்துகொண்டே பயிலும் எஸ்.எல்.டி.என்.; பெற்ற அனுபவத்தை ஆதாரத்தோடு நிரூபிக்கும் பி.பி.டி. மூன்றாவது வழிக்கு வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரிந்தவனுக்கும் தடை. ஆதாரக் கோப்பு தயாரிக்க வேண்டும். மூன்றாம் படிவத்தோடு நின்றவன் ஸ்பேனர் பிடிப்பான், கட்டுக்கட்டாக எழுதுவானா? வேலையை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டால், ஆள் ஓடிவிடுவான் என்று இழுத்தடிக்கும் முதலாளிகளும் உண்டு. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காடு பயிற்சி லெவி கட்டுகிறார்கள். அந்தப் பணம் மேசை அதிகாரிகளின் கருத்தரங்குக்கு மட்டும்தானா?

நம் கோரிக்கை எளிது. பட்டறைக்கே வந்து கைவேலையைப் பார்த்து மதிப்பிடுங்கள். எழுத முடியாதவனை வாயால் சொல்ல விடுங்கள். கட்டணத்தை லெவியிலிருந்து கொடுங்கள். கடிதத்தை மறுக்காதீர்கள்.

தோழர்களே, அதுவரை சும்மா இருக்காதீர்கள்! சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். செய்த வேலையைப் படம் எடுத்து வையுங்கள். கோப்பு எழுத, படித்த பிள்ளைகள் அப்பாவுக்கு உதவட்டும். வேலை மாறும்போது கடிதம் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

மாமா இப்போது 37 வயதில் கோப்பு சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். உங்கள் வீட்டில் யார் தொடங்கப் போகிறார்?

சிந்திப்பீர்! செயல்படுவீர்!