நிரம்பாத குப்பைத்தொட்டி

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அதில் ‘டெவ் நல்’ என்றொரு ஃபைல் உண்டு. பெயருக்குத்தான் ஃபைல், எதைக் கொட்டினாலும் விழுங்கிவிடும், நிரம்பவே நிரம்பாது. புரோகிராம்கள் தங்களுக்கு வேண்டாததை இதில்தான் போடும்.

சர்வரில் ரூட் அதிகாரத்தோடு வேலை பார்ப்பவர் கைதவறி இதை அழித்துவிட்டால்? ரூட்டாக ஓடும் அடுத்த புரோகிராம் அதே பெயரில் சாதாரண ஃபைலை உருவாக்கிவிடும். குப்பை சேரச் சேர மெமரி கரையும்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஆனால், பலர் பயன்படுத்தும் சர்வரை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியுமா? போலி ஃபைலை நீக்கிவிட்டு, ‘எம்கேநோட்’ கட்டளையில் ஃபைலின் பாதையோடு சி, 1, 3 என்று கொடுத்தால் போதும். 1 எந்த டிரைவர் என்பதையும், 3 அதில் எந்தக் கருவி என்பதையும் கெர்னலுக்குச் சொல்லும். எல்லோரும் எழுத 666 அனுமதி தர மறக்கக் கூடாது. அவசரத்தில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.