திரும்பி வந்த பாடம்

செபராங் ஜெயாவில் உங்கள் மகனோ மகளோ இரவு வெகுநேரம் கணினி முன் அமர்ந்திருந்தால், விளையாட்டு என்றே எண்ணிவிடாதீர்கள். ஊருக்குப் பொதுவாகப் பாடம் எழுதிக்கொண்டிருக்கலாம்.

1998-இல் கிரெக் வில்சன், பிரெண்ட் கோர்டா என்ற இருவர், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி' என்ற அந்தப் பாடங்களை இன்று எவரும் இலவசமாகப் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம்.

அனுப்புவதெல்லாம் ஏற்கப்படுமா? இல்லை. பெரும்பாலும் இரண்டே நாள் வகுப்பு. ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் இன்னொன்றை எடுக்க வேண்டும். ஆகவே நல்ல எழுத்தும் திரும்பி வரும்.

பிள்ளை முகம் வாடி நிற்கும் அந்த வேளையில், "சம்பளமில்லாத இந்த வேலை உனக்கெதற்கு?" என்று கேட்டுவிடாதீர்கள், பெற்றோரே. அந்தப் பாடங்களின் உரிமத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூலம் இன்னது, மாற்றியது இன்னது என்று குறிப்பிட வேண்டும். யாரும் நகலெடுத்துத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அங்கே இடம் கிடைக்காத பகுதியைத் தமிழில் சேர்த்து, நம் தாமான் பிள்ளைகளுக்கே வகுப்பு நடத்தலாமே!

அடுத்த முறை, எழுதத் தொடங்குமுன் "இது தேவைப்படுமா?" என்று ஒரு வரி கேட்டுக்கொள்ளட்டும். பாதி ஏமாற்றம் குறையும்.